செம்மண் ஓடைக்கு எந்தக் கருவி? தங்கம் தேடும் மெட்டல் டிடெக்டர் தேர்வு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

தங்கம் தேட மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, "இது எவ்வளவு ஆழம் எடுக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. நாம் தேடப் போகிற மண்ணில் இரும்புத் தாது எவ்வளவு? அங்கே கிடைக்கிற தங்கம் எந்த அளவு? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் கருவி பாதிக்கு மேல் முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால், எவ்வளவு பெயர் பெற்ற கருவியாக இருந்தாலும் அது மூலையில்தான் கிடக்கும். நான் கூடவே இருந்து பார்த்த ஒரு தேர்வை வைத்து இதை விளக்குகிறேன்.

ஆளும் இடமும்

தேடியவர் எனக்கு அண்ணன் முறை. மெக்கானிக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிப் பழகிய காது. இடுப்பில் மட்டும் கொஞ்சம் வலி உண்டு. இந்த இரண்டும் பின்னால் கணக்கில் வந்தன.

இடம், பழைய காலத்தில் தங்கம் எடுத்த ஒரு குன்றின் அடியில் ஓடும் வறண்ட காட்டோடை. நில உரிமையாளரின் சம்மதமும் தேடுவதற்கான உரிமமும் கையில் வந்த பிறகுதான் கருவிப் பேச்சே தொடங்கியது. அந்த வரிசை சரியானது. அனுமதி இல்லாத இடத்தை மனதில் வைத்துக் கருவி வாங்குவதில் அர்த்தம் இல்லை.

ஓடை இரண்டு குணம் கொண்டது. மேல்பகுதியில் வெளிறிய மண், உடைந்த வெங்கச்சங்கல், முழங்கை ஆழத்துக்குள் அடிப்பாறை. கீழே இறங்க இறங்க மண் சிவந்து, கெட்டிக் களியாகி, கரும்பழுப்பு நிற இரும்புக்கல் உருண்டைகள் கலந்து வரும். பரப்பளவில் முக்கால்வாசி இந்தச் சிவப்புப் பகுதிதான். பழையவர்கள் அலசிக் கழித்துப் போட்ட மண்மேடுகளும் அங்கேதான் இருக்கின்றன.

கருவியைப் பற்றி யோசிப்பதற்கு முன் அண்ணன் செய்த ஒரு வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். ஓடையின் பல இடங்களில் அடிப்பாறையை ஒட்டிய மண்ணை எடுத்து, தட்டில் போட்டு, தண்ணீரில் அலசிப் பார்த்தார். தங்கத்தின் அடர்த்தி 19.3. அதாவது சம அளவு தண்ணீரைப் போல பத்தொன்பது மடங்குக்கு மேல் எடை. அதனால் எங்கே அலசினாலும் கடைசியில் தட்டின் அடியில் தங்குவது அதுதான். கிடைத்தது பெரும்பாலும் தட்டையான குருணை. ஒன்றிரண்டு அதைவிடக் கொஞ்சம் பெரியவை. ஓடைக்கல்லில் உருண்டு விளிம்பு மழுங்கியவை.

அந்தத் தட்டில் வெறும் பொடித் தங்கம் மட்டுமே வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். எந்த மெட்டல் டிடெக்டரும் பொடித் தங்கத்தைக் காட்டாது. ஒரு கைப்பிடி மண்ணில் பத்து மில்லிகிராம் தங்கம் தூளாகப் பரவியிருந்தால் கருவிக்கு அது இல்லாததற்குச் சமம். அதே பத்து மில்லிகிராம் ஒரே துணுக்காக, காயிலுக்கு (கருவியின் நுனியில் தரைமேல் வீசும் கம்பிச்சுற்று வட்டுக்கு) மிக அருகில் இருந்தால் நல்ல கருவி ஒன்று முனகக்கூடும். பொடி மட்டுமே உள்ள இடத்தில் தட்டும், மண்ணைத் தண்ணீரில் ஓடவிட்டு அலசும் அரிப்புப் பெட்டியும்தான் கருவி.

தட்டு இன்னொன்றையும் சொன்னது. சிவப்புப் பகுதி மண்ணில் காந்தத்தை இழுத்தால் கருமணல் தாடி போல ஒட்டிக்கொண்டு வந்தது. சில இரும்புக்கல் உருண்டைகளும் துள்ளி ஒட்டின. மேல்பகுதி மண்ணில் காந்தம் ஏறக்குறைய சுத்தமாகத் திரும்பியது. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துச் செய்த இந்தச் சோதனைக்குத்தான் பிறகு வந்த எல்லாவற்றையும் விட அதிக மதிப்பு என்பது என் கருத்து.

கையில் இருந்த கருவி ஏன் திணறியது

அவரிடம் ஏற்கனவே ஒரு டிடெக்டர் இருந்தது. நாணயம், நகை, பழைய பொருட்கள் தேடும் பொதுவான வகை, 7 கிலோஹெர்ட்ஸ் சுற்றி இயங்குவது, திரையில் எண் காட்டுவது. கடற்கரையிலும் மைதானத்திலும் நன்றாக வேலை செய்த கருவி. சிவப்புப் பகுதியில் வைத்தவுடன் கத்த ஆரம்பித்தது. உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அமைதியானது. ஆனால் அந்த நிலையில் நான்கு விரல் ஆழத்தில் இருந்த ஈயத் துண்டைக்கூட அது காட்டவில்லை. "இதே வகையில இன்னும் விலை கூடினதா ஒண்ணு எடுத்தா சரியாகிடும் தம்பி" என்றார். சரியாகாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

அந்தக் கருவி வி.எல்.எஃப்., அதாவது 'வெரி லோ ஃப்ரீக்வென்சி' வகை. காயிலில் மின்னோட்டம் இடைவிடாமல் அலைந்துகொண்டே இருக்கும்; அது உண்டாக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் போகும்; உள்ளே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, ஒரு சிறு எதிர்ப்புலம் திரும்பி வரும். கருவி ஒரே நேரத்தில் அனுப்பவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. சிக்கல் என்னவென்றால், கருமணலில் நிறைந்திருக்கும் மேக்னடைட் எனும் காந்த இரும்புத் தாதுவும் பதில் கொடுக்கும். அதன் பதில் ஒரு தங்கக் குருணையின் பதிலை விடப் பல மடங்கு பெரியது. கிரவுண்ட் பேலன்ஸ் என்பது அந்த மண்ணின் பதிலை அளந்து கழித்துவிடும் ஏற்பாடு. மண் ஒரே மாதிரி இருக்கும்வரை கழித்தல் சரியாக வரும். ஓரடிக்கு ஓரடி மாறினால், கழித்த கணக்கு தப்பி, மிச்சமெல்லாம் சத்தமாக வரும். சிவப்புப் பகுதியில் இரும்புக்கல் உருண்டைகள் அங்கங்கே கொத்தாகக் கிடந்ததால் நடந்தது இதுதான்.

இன்னொன்று, இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷன் வசதி. பொதுக் கருவிகளில் இதைப் பெரிதாகச் சொல்வார்கள். தங்கம் தேடுகிறவருக்கு இது ஆபத்தான வசதி. தாது நிறைந்த மண்ணில் ஆழமாகக் கிடக்கும் சிறு தங்கத்தின் பதில், மண்ணின் பதிலோடு சேர்ந்து இரும்பு போலவே படிக்கப்படும். கருவி அதை ஒதுக்கிவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. தவிர, திரையில் வரும் எண்ணை வைத்துத் தங்கத்தைப் பிரிக்கவும் முடியாது. அலுமினியத் தாள், ஈயக் குண்டு, டப்பா மூடியின் வளையம், தங்கம் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். ஆக, சந்தேகமான எதையும் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

சரி, இனி ஆழம். சிறு பொருளுக்குப் புலம் போகும்போது தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. திரும்பி வரும்போதும் அப்படியே. காயிலின் அளவை விடத் தூரம் அதிகமாகும்போது மொத்தத்தில் ஆறாம் அடுக்குக்கு ஏற்பச் சமிக்ஞை தேய்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் சமிக்ஞை 64-ல் ஒரு பங்கு. கருவியின் சக்தியை இரட்டிப்பாக்கி, மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், கூடுதலாகக் கிடைக்கும் ஆழம் சுமார் 12 சதவீதம்தான். "இரண்டு மடங்கு சக்தி" என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இந்த ஒரு கணக்கு போதும். அதிக ஆழம் வேண்டுமென்றால் மண்ணின் இரைச்சலைக் குறைக்கத் தெரிந்த கருவி வேண்டும். சக்தியைக் கூட்டினால் மண்ணும் சேர்ந்துதான் சத்தமாகப் பேசும்.

இரண்டு வழிகள்

அண்ணன் முன்னால் இருந்தவை இரண்டு. முதலாவது, தங்கத்துக்கென்றே செய்த அதிக அதிர்வெண் வி.எல்.எஃப். ஃபிஷர் கோல்ட் பக் 2 இயங்குவது 71 கிலோஹெர்ட்ஸில். மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 இயங்குவது 45 கிலோஹெர்ட்ஸில். சிறிய தங்கத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்த வேகத்தில் செத்துப்போகும். அதனால் வேகமாக அலையும் புலத்துக்குத்தான் அது நன்றாகப் பதில் சொல்லும். குருணையைப் பிடிக்க இந்த வகைக்கு ஈடு குறைவு. எடையும் குறைவு. ஆனால் இதுவும் வி.எல்.எஃப்.தான்; இரும்புத் தாது நிறைந்த மண்ணில் இதுவும் திணறும். ஈரமான உப்பு மண்ணிலும் இது படாதபாடு படும்.

இரண்டாவது, பல்ஸ் இண்டக்‌ஷன், சுருக்கமாக பி.ஐ. இது மின்னோட்டத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, ஒவ்வொரு துடிப்பையும் சட்டென்று அறுத்துவிட்டு, அதன்பிறகு வருவதைக் கேட்கிறது. மேக்னடைட்டின் பதில் புலம் நின்றவுடனே நின்றுவிடும். உலோகத்தில் உண்டான சுழல் மின்னோட்டம் மட்டும் சில மைக்ரோ நொடிகள் தேய்ந்துகொண்டே இருக்கும். கருவி காத்திருந்து அதைப் பிடிக்கிறது. இதனால்தான் கருமணல் மீது பி.ஐ. அமைதியாகப் போகிறது.

முழு அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. செம்மண்ணில் மேக்ஹமைட் எனும் மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் இருக்கும். புலம் நின்ற பிறகும் இவை மெதுவாகத்தான் அடங்கும். பார்ப்பதற்கு உலோகம் போலவே தோன்றும். அதனால் தங்கம் தேடும் பி.ஐ. கருவிகளிலும் கிரவுண்ட் பேலன்ஸ் தேவைப்படுகிறது. வெவ்வேறு நேரங்களில் எடுத்த பதில்களை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பார்கள். இந்தக் கழித்தலுக்கு ஒரு விலை உண்டு: மண்ணைப் போலவே தேயும் சில அளவுத் தங்கமும் கூடவே கழிந்துபோகும். கருவியை ஒரு அமைப்பில் வைத்துத் தேடிய இடத்தில் இன்னொரு அமைப்பில் வைத்து மறுபடி தேடினால் புதிதாகக் கிடைப்பதற்கு இது ஒரு காரணம்.

பி.ஐ.யின் மற்ற குறை, அந்தக் காத்திருப்பு. துடிப்பு நின்று, காயில் அடங்கி, கேட்கத் தொடங்க ஏறக்குறைய பத்து மைக்ரோ நொடி ஆகும். மிகச் சிறிய குருணை, பஞ்சு போலத் துளைத்துளையான தங்கம், கம்பித் தங்கம் இவற்றின் பதில் அதற்குள் முடிந்துவிடும். புதிய தலைமுறைக் கருவிகள் இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் முயல்கின்றன. 2015-ல் வந்த மைன்லேப் ஜி.பி.இசட் 7000 வழக்கமான துடிப்பு முறையையே மாற்றியது. ஆனால் எடை மூன்று கிலோவுக்கு மேல். 2021-ல் வந்த அதே நிறுவனத்தின் ஜி.பி.எக்ஸ் 6000 சிறு தங்கத்தின் மீது கண் வைத்து, சுமார் இரண்டு கிலோவில் வந்தது. இடுப்பு வலிக்காரருக்கு அந்த ஒரு கிலோ பெரிய விஷயம். களைத்துப்போனவர் காயிலைத் தரையிலிருந்து தூக்கி ஆட்டத் தொடங்குவார். நான்கு விரல் தூக்கினால் நான்கு விரல் ஆழம் போச்சு.

கிங்கோவர் சொல்வது

இந்த இடத்தில் ஒரு வரலாற்று உதாரணத்தைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் பலரை வழிதவற வைத்ததே அதுதான். 1980 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிங்கோவர் அருகே கெவின் ஹில்லியர் என்பவர் மெட்டல் டிடெக்டரால் ஒரு தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார். எடை 27.2 கிலோ. 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்று பெயர் வைத்தார்கள். டிடெக்டரால் கிடைத்த தங்கக் கட்டிகளில் மிகப் பெரியது என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அது கிடந்தது சுமார் முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில். பயன்படுத்தியது அந்தக் காலத்து வி.எல்.எஃப். கருவி.

"அந்தக் கருவியாலேயே அவ்வளவு கிடைத்ததே" என்று வாதம் செய்வார்கள். 27 கிலோ கட்டி முப்பது சென்டிமீட்டரில் கிடந்தால் அதைக் கத்திக் காட்டாத கருவி அரிது. அளவு அத்தனை பெரிதாக இருக்கும்போது கருவியின் குறை மறைந்துவிடும். அதே விக்டோரியாவின் தாது நிறைந்த மண்ணில் 1995-ல் மைன்லேப் எஸ்.டி. 2000 எனும் பி.ஐ. கருவி வந்தபோது, "இங்கே எல்லாம் எடுத்தாயிற்று" என்று கைவிட்ட இடங்களிலேயே மறுபடி தங்கம் கிடைத்தது. முந்தைய கருவிகளால் அந்த மண்ணுக்குள் பார்க்க முடியவில்லை என்பதுதான் காரணம். அண்ணனின் ஓடைக்குப் பொருந்தும் உதாரணம் இந்த இரண்டாவதுதான்.

ஓடையிலேயே சோதனை

அதிக அதிர்வெண் கருவி ஒன்றையும் புதிய வகை பி.ஐ. ஒன்றையும் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கிக்கொண்டு ஓடைக்கே போனோம். மேசை மேல் வைத்துக் காற்றில் செய்கிற சோதனையால் இங்கே பயன் இல்லை. அதில் மண் இல்லை, பிரச்சினையே மண்தான்.

தங்கத்துக்குப் பதில் ஈயக் குண்டு. சிறு அளவில் இரண்டின் பதிலும் சோதனைக்குப் போதுமான அளவு ஒத்துப்போகும். அண்ணன் ஈயக் குண்டுகளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கினார், தட்டில் கிடைத்த குருணைகளைப் பக்கத்தில் வைத்து அளவு பார்த்துக்கொண்டே. அப்புறம் அவற்றைக் குழி தோண்டிப் புதைக்காமல், பக்கவாட்டில் சரிவாகக் கடப்பாரையால் துளை போட்டு, பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் ஒட்டி உள்ளே தள்ளினார். இப்படிச் செய்தால் ஈயத்துக்கு மேலே இருக்கும் மண் கலையாது. குழி தோண்டி மூடினால் மண்ணின் அடுக்கு குலைந்து, கருவிக்கு அந்தக் குழியே ஒரு சமிக்ஞையாகத் தெரியும். எந்தக் கருவியும் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். கடையில் செய்து காட்டுகிற பல சோதனைகளில் இருக்கும் ஓட்டை இது.

மேல்பகுதியில், வெளிறிய மண்ணில், அதிக அதிர்வெண் கருவி தெளிவாக வென்றது. குருணை அளவு ஈயத்தை இரண்டு விரல் ஆழத்தில் சுத்தமான ஒலியோடு காட்டியது. பி.ஐ. அதன் மேல் போனபோது காதில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பெரிய துண்டை இரண்டும் காட்டின.

கீழே சிவப்பு மண்ணில் நிலைமை தலைகீழ். அதிக அதிர்வெண் கருவி ஒவ்வொரு இரும்புக்கல் உருண்டைக்கும் குரல் கொடுத்தது. அவற்றுக்கு நடுவே ஈயத்தின் ஒலி எது என்று பிரிக்க, ஈயம் எங்கே இருக்கிறதென்று தெரிந்த எங்களாலேயே முடியவில்லை. பி.ஐ.யில் காயிலை மூன்று நான்கு முறை மேலும் கீழும் அசைத்து மண்ணைப் பழக்கியதும் அமைதி. பெரிய துண்டை ஒரு சாண் ஆழத்தில் மெல்லிய ஒலியோடு காட்டியது. சில கல் உருண்டைகள் மட்டும் அதையும் ஏமாற்றின. அவற்றின் ஒலி அகலமாக, மழுங்கலாக இருந்தது. காயிலைத் தூக்கியவுடன் காணாமல் போனது. அண்ணனுடைய காது அந்த வேறுபாட்டை வெகு சீக்கிரம் பிடித்துக்கொண்டது. திரை இல்லாத கருவி அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

காயிலையும் மாற்றிப் பார்த்தோம். மோனோ என்கிற ஒற்றைச் சுற்றுக் காயில் சிறு பொருளுக்கு நல்ல உணர்திறன் கொடுக்கும். டபுள் டி காயில் கெட்ட மண்ணில் அமைதியாக இருக்கும், ஆனால் ஆழத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பெரிய காயில் பெரிய கட்டியை ஆழத்தில் பார்க்கும், அதே நேரம் அதிக மண்ணையும் சேர்த்துப் பார்க்கும். குருணைக்கும் சிறு கட்டிக்கும் சிறிய காயில்தான். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட யாரும் காயிலுக்குக் காட்டுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

முடிவும் அதன் பின்பும்

அனுமதி கிடைத்த நிலத்தில் முக்கால்வாசி சிவப்பு மண். பழையவர்களின் மேடுகளும் அங்கேதான். அதனால் பி.ஐ., அதிலும் சிறு தங்கத்துக்கு இசைந்த எடை குறைந்த வகை, பதினோரு அங்குல மோனோ காயிலோடு. மேல்பகுதியின் குருணைகளை இந்தக் கருவி விட்டுவிடும் என்பது தெரிந்தேதான் முடிவு செய்தார். வெளிறிய மண் அதிகமாக இருந்திருந்தால் நான் அதிக அதிர்வெண் வி.எல்.எஃப். என்றுதான் சொல்லியிருப்பேன், அது விலையிலும் எடையிலும் சுலபம், புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பழகவும் எளிது.

வாங்கிய பின் முதலில் கிடைத்தவை ஆணிகள், லாடத் துண்டுகள், ஈயக் குண்டுகள். பி.ஐ. இரும்பை நம்பத் தகுந்த மாதிரி பிரிக்காது. தோண்டித்தான் ஆக வேண்டும். அண்ணன் இதைக் கெட்ட சகுனமாக நினைக்கவில்லை. ஒரு சாண் ஆழத்தில் சிறு ஈயக் குண்டு வருகிறதென்றால், அதே ஆழத்தில் அதே அளவு தங்கம் இருந்தால் அதுவும் வரும். கருவியும் ஆளும் சரியாக வேலை செய்கிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி. கொத்துக்கோடாலியில் வலுவான காந்தம் ஒன்றைப் பதித்துக்கொண்டார். மண்ணைக் கிளறும்போதே இரும்புச் சில்லு அதில் ஒட்டிவிடும், பாதி நேரம் மிச்சம்.

முதல் தங்கம் களியும் அடிப்பாறையும் சேரும் இடத்தில் வந்தது. ஒலி என்று சொல்லக்கூட முடியாது. காதில் ஓடிக்கொண்டிருந்த ரீங்காரம் ஒரு கணம் தாழ்ந்து எழுந்தது, அவ்வளவுதான். குறுக்கே திரும்பிக் காயிலை வீசினார், அதே இடத்தில் மறுபடி. இரண்டு விரல் கனத்துக்கு மண்ணைச் சுரண்டிவிட்டு மறுபடி வீசினார், ஒலி கூடியது. கல் உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் சுரண்டியவுடன் கலைந்துபோயிருக்கும். கடைசியில் மண்ணை பிளாஸ்டிக் அள்ளியில் எடுத்து, காயில் மேல் ஆட்டி, பாதியைக் கொட்டி, மீதியை ஆட்டி, திரும்பப் பாதி. உள்ளங்கையில் மிஞ்சிய மண் உருண்டையை உடைத்தபோது ஒரு கிராமுக்கும் குறைவான, விளிம்பு மழுங்கிய தட்டைத் துண்டு. பழைய கருவியால் அந்த இடத்தில் அந்த ஆழத்தில் அதைக் கேட்டிருக்கவே முடியாது.

அதன்பிறகும் கிடைத்தன, எல்லாம் அந்த ரகம். பெரும்பாலும் மேடுகளின் ஓரத்திலும் ஓடை வளைவின் உட்புறத்திலும். மெதுவாக, ஒன்றின் மேல் ஒன்று படுகிற மாதிரி வீசியவரைக்கும்தான் கிடைத்தன. அவசரப்பட்டு நடந்த இடங்களில் பிறகு திரும்பிப் போய் எடுத்ததும் உண்டு.

இப்போது பாக்கி இருப்பது இரண்டு வேலை. சிவப்புப் பகுதியில் கிடைத்த இடங்களை மட்டும் கருவியின் வேறு மண் அமைப்பிலும் குறுக்குத் திசையிலும் மறுபடி தேட வேண்டும், கழித்தலில் மறைந்த அளவுத் தங்கம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க. மேல்பகுதிக்குச் சோதனையில் வென்ற அதே அதிக அதிர்வெண் கருவியை மறுபடி இரவல் கேட்டிருக்கிறார். அங்கே முதலில் அடிப்பாறை வெடிப்புகளைக் கம்பியால் கிளறிச் சுத்தம் செய்து, பிறகு சிறிய காயிலைப் பாறையை உரசுகிற மாதிரி ஓட்டுவதாகத் திட்டம். வெடிப்பிலிருந்து எடுக்கிற மண் கருவியில் பேசாவிட்டாலும் அதைக் கொட்டிவிடாமல் தட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.